பூட்டிய கவுன்டி கட்டடம், எதிர் மனையில் நட்ட போர்டு: யாரைக் கேட்பது, எப்போது கேட்பது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியில் (கவுன்டி என்பது நம் மாவட்டம் மாதிரி), எந்த நகராட்சியிலும் சேராத ஒரு பகுதியில் வீடு வாங்கியிருக்கிறார். தெருமுனையில் உள்ள பழைய அரசுக் கட்டடத்தைப் பாதுகாப்பு காரணம் சொல்லிப் பூட்டிவிட்டார்கள். எதிரே காலி மனையில் பொது விசாரணை நடக்கப்போவதாகப் பெரிய போர்டு நட்டிருக்கிறார்கள். இவற்றை யார் முடிவு செய்கிறார்கள், காகிதங்களைப் பார்ப்பது எப்படி, கூட்டத்துக்குப் போய்ப் பேசினால் ஏதாவது நடக்குமா என்று கேட்கிறார்.

நான் கட்டமைப்புப் பொறியாளர். பழைய கட்டடங்களை நிலநடுக்கத்துக்குத் தாக்குப்பிடிக்கும்படி வலுப்படுத்துவது என் வேலை. அதனால் பர்மிட் கவுன்டரும் கவுன்டி காகிதங்களும் பழகிப்போனவை. ஆனால் வக்கீல் இல்லை. வழக்கு என்று வந்தால் வக்கீலிடம்தான் போக வேண்டும்.

சுருக்கமான பதில் இது. இரண்டிலும் கடைசி முடிவு பெரும்பாலும் ஒரே ஐந்து பேர் கையில்தான். ஆனால் இரண்டிலும் அவர்களுடைய வேஷம் வேறு. பூட்டிய கட்டடத்துக்கு கவுன்டி சொந்தக்காரர். எதிர் மனை விஷயத்தில் கவுன்டி கிட்டத்தட்ட நீதிபதி. சொந்தக்காரராக இருக்கும்போது சிலவற்றைச் சட்டப்படியே மூடி வைத்துக்கொள்ளலாம். நீதிபதியாக இருக்கும்போது எல்லாவற்றையும் சபையில் வைத்து, காரணம் எழுதித்தான் முடிவு சொல்ல வேண்டும். எந்த இடத்தில் எந்தக் கதவைத் தட்டுவது என்பது இதிலிருந்துதான் கிளம்புகிறது.

அந்த ஐந்து பேர் யார் என்று பார்த்துவிடுவோம். லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியில் ஏறக்குறைய ஒரு கோடி பேர் இருக்கிறார்கள். 88 நகரங்கள் உண்டு. அந்த நகரங்களுக்கு வெளியே கிடக்கும் நிலம் மொத்தப் பரப்பில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. அங்கே பத்து லட்சம் பேர் வாழ்கிறார்கள். அவர்களுக்கு மேயரும் இல்லை, நகரசபையும் இல்லை. மக்கள் தேர்ந்தெடுக்கும் ஐந்து சூப்பர்வைசர்கள் கொண்ட குழுதான் நகரசபை, அதுவேதான் நிர்வாகம். ஒரு சூப்பர்வைசருக்குச் சுமார் இருபது லட்சம் பேர் தொகுதியில் இருக்கிறார்கள். நம் மக்களவைத் தொகுதி பலவற்றைவிடப் பெரிது.

இதன் விளைவு என்ன என்பதற்கு ஆல்டடீனாவைப் பாருங்கள். 2025 ஜனவரி 7 மாலை ஈட்டன் பள்ளத்தாக்கில் பிடித்த தீ, 9,400க்கும் மேற்பட்ட கட்டடங்களை அழித்தது. ஆல்டடீனா ஒரு நகரம் அல்ல. அங்கே ஒரு டவுன் கவுன்சில் இருக்கிறது, தேர்தல்கூட நடக்கிறது; ஆனால் அது ஆலோசனை சொல்லும் அமைப்பு மட்டுமே. ஒரு பர்மிட்டுக்குக்கூட அதனால் கையெழுத்துப் போட முடியாது. வீடு இழந்தவர்கள் திரும்பக் கட்ட வேண்டுமானால் கவுன்டியின் திட்டமிடல் துறை, பொதுப்பணித் துறை, தீயணைப்புத் துறை என்று ஒவ்வொன்றின் ஒப்புதலும் வாங்க வேண்டியிருந்தது. அதே தீயில் பசிஃபிக் பாலிசேட்ஸ் எரியவில்லையா என்று கேட்காதீர்கள். அது வேறு தீ, வேறு ஆட்சி. அந்தப் பகுதி லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்குள் வருகிறது. உங்கள் வீடு எந்தப் பக்கம் என்பதை உங்கள் தபால் முகவரி சொல்லாது. 'லாஸ் ஏஞ்சலஸ்' என்று முகவரி எழுதும் பலர் கவுன்டி நிலத்தில்தான் இருக்கிறார்கள்.

2024 நவம்பரில் 'மெஷர் ஜி' என்ற கவுன்டி சாசனத் திருத்தம் வாக்கெடுப்பில் வென்றது. ஐந்து சூப்பர்வைசர்கள் பிறகு ஒன்பது பேர் ஆவார்கள். 2028ல் கவுன்டிக்கு நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைமை நிர்வாகி வருவார். அதுவரை உங்கள் விஷயம் இந்த ஐந்து பேரோடுதான்.

சரி, பூட்டிய கட்டடத்துக்கு வருவோம். முதலில் அது கவுன்டியுடையதுதானா என்று உறுதி செய்யுங்கள். அற்ப விஷயமாகத் தோன்றும். ஆனால் பெரும்பாலானோர் இங்கேதான் வழி தவறுகிறார்கள். ஆல்டடீனாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள நூலகம் கவுன்டி நூலகம் அல்ல. தனக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட குழு உள்ள தனி நூலக மாவட்டம். பள்ளிகள் பாசடீனா பள்ளி மாவட்டத்துடையவை. ஷெரிஃப் நிலையம் கவுன்டியுடையது. நீதிமன்றங்களை எடுத்தால், 2002ல் வந்த சட்டத்துக்குப் பிறகு கலிபோர்னியாவின் நீதிமன்றக் கட்டடங்களின் பொறுப்பு கவுன்டிகளிடமிருந்து மாநிலத்துக்குப் போனது. நீதிமன்றக் கூரை ஒழுகுகிறது என்று சூப்பர்வைசரிடம் முறையிட்டால் அவர் அனுதாபம் மட்டும்தான் காட்ட முடியும்.

பள்ளிக் கட்டடத்துக்குக் கதையே வேறு. 1933 மார்ச் 10 மாலை ஆறு மணிக்குச் சற்று முன்பு லாங் பீச் நிலநடுக்கம் வந்தது. பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். எழுபது பள்ளிகள் தரைமட்டம். சில மணி நேரம் முன்பு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற திகிலில் ஒரே மாதத்தில் ஃபீல்ட் சட்டம் பிறந்தது. அதன்படி அரசுப் பள்ளிக் கட்டடங்களின் வரைபடங்களை மாநிலக் கட்டடக் கலைஞர் அலுவலகம்தான் சரிபார்க்கும். கவுன்டிக்கும் நகரத்துக்கும் அதில் வேலை இல்லை.

யாருடையது என்று தெரிய, கவுன்டி அசெசர் (சொத்து வரிக்கு மதிப்புப் போடும் அலுவலகம்) இணையதளத்தில் வரைபடத்தைத் திறந்து மனை எண்ணை எடுங்கள். உரிமையாளர் பெயரை இணையத்தில் காட்டமாட்டார்கள். அந்த எண்ணோடு அலுவலகத்துக்கு நேரில் போனால் பார்த்துக்கொள்ளலாம்.

கவுன்டியுடையதுதான் என்று வைத்துக்கொள்வோம். ஏன் பூட்டியிருப்பார்கள்? கூரை, ஆஸ்பெஸ்டாஸ், மின்சாரம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். ஆனால் 1970களுக்கு முன் எழுந்த கான்கிரீட் கட்டடம் என்றால் என் சந்தேகம் முதலில் தூண்களின் மேல்தான் போகும். நம் ஊரில் கட்டட வேலை பார்த்தவர்களுக்கு 'ரிங்' என்றால் தெரியும்: தூணின் நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம். பழைய தூண்களில் இந்த ரிங்குகளை ஓர் அடிக்கு ஒன்று, சில இடங்களில் அதைவிடத் தள்ளியும் போட்டிருப்பார்கள். ரிங்கின் முனையை 90 டிகிரி மட்டும் மடக்கியிருப்பார்கள். கட்டடம் பக்கவாட்டில் ஆடும்போது வெளிப்பூச்சுக் கான்கிரீட் உதிரும், மடக்கிய முனை பிரிந்துகொள்ளும், உள்ளே இருக்கும் கான்கிரீட்டைப் பிடித்துவைக்க எதுவும் இருக்காது. தூண் வெடித்த மாதிரி ஆகிவிடும். இப்போதெல்லாம் அந்த இடங்களில் நான்கு அங்குலத்துக்கு ஒரு ரிங், முனையை 135 டிகிரி உள்நோக்கி மடக்க வேண்டும்.

இந்தப் பாடத்தை கவுன்டி தன் சொந்தக் கட்டடத்தில்தான் கற்றுக்கொண்டது. 1971 பிப்ரவரி 9 காலை ஆறு மணிக்கு சில்மார் நிலநடுக்கம். கவுன்டியின் ஆலிவ் வியூ மருத்துவமனை அப்போது புத்தம் புதுசு. அதன் மூலைத் தூண்களில் தனித்தனி ரிங். மற்ற தூண்களில் சுருள் சுருளாகத் தொடர்ந்து சுற்றிய கம்பி. மூலைத் தூண்கள் நொறுங்கின. சுருள் கம்பித் தூண்கள் கோணலாகிப் போனாலும் மாடிகளைத் தாங்கிக்கொண்டு நின்றன. ஒரே கட்டடத்தில், ஒரே குலுக்கலில் இரண்டு வகையும் பக்கம் பக்கமாக நின்று சாட்சி சொன்னதால், என் துறையில் அந்தப் புகைப்படங்களைப் பார்க்காமல் யாரும் படிப்பை முடிக்க முடியாது. அதற்குப் பிறகுதான் கான்கிரீட் விதிகள் இறுகின. ஆனால் விதி மாறியது புதிய கட்டடங்களுக்கு. அதற்கு முன் கட்டியவை அப்படியேதான் நின்றன.

அப்படி நிற்பவற்றில் ஒன்று சூப்பர்வைசர்கள் கூடும் கட்டடம். டெம்பிள் தெருவில் உள்ள கென்னத் ஹான் நிர்வாக மாளிகை 1960ல் திறந்தது. அதை வடிவமைத்த குழுவில் பால் வில்லியம்ஸ் இருந்தார். கறுப்பினக் கட்டடக் கலைஞர்களில் அமெரிக்கா முழுக்கப் பேர் பெற்றவர். இந்தக் கட்டடத்தை வலுப்படுத்துவதா, விட்டு வெளியேறுவதா என்ற கேள்வி ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 2024ல் கவுன்டி வேறு வழியில் போனது. டவுன்டவுனில் 1991ல் எழுந்த 52 மாடி கேஸ் கம்பெனி டவரை 20 கோடி டாலருக்கு வாங்கியது. 2020ல் அதே டவருக்கு 63 கோடி டாலர் மதிப்புப் போட்டிருந்தார்கள். கோவிட்டுக்குப் பிறகு அலுவலகங்கள் காலியானதில் விலை விழுந்தது. கென்னத் ஹானின் மகளான சூப்பர்வைசர் ஜேனிஸ் ஹான் இதை எதிர்த்தார். வாங்கிய பிறகு, அந்த டவரையும் நிலநடுக்கத்துக்கு வலுப்படுத்த வேண்டுமா, அதற்கு எவ்வளவு என்ற விவாதம் கிளம்பியது. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்துக்கு முன் கட்டிய எஃகுச் சட்டகக் கட்டடங்களின் வெல்டிங் இணைப்புகளில் விரிசல் விழும் என்பது அந்த ஆண்டே தெரிந்துவிட்டது.

என்னைக் கேட்டால், வாங்கியது தப்பு என்று சொல்லமாட்டேன். இருப்பதை ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே வலுப்படுத்துவது கொடிய வேலை. மலிவாகக் கிடைத்ததை வாங்குவதில் கணக்கு இருக்கிறது. ஆனால் பொதுமக்கள் எந்தக் கட்டத்தில் எதைப் பார்க்க முடிந்தது என்பதைக் கவனியுங்கள், உங்கள் தெருமுனைக் கட்டடத்துக்கும் அதே சட்டம்தான்.

கலிபோர்னியாவில் 1953லிருந்து பிரவுன் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. உள்ளாட்சி அமைப்புகள் கூட்டத்தைத் திறந்த வாசலோடுதான் நடத்த வேண்டும். வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே அஜெண்டாவை ஒட்ட வேண்டும். அஜெண்டாவில் இல்லாததை முடிவு செய்யக் கூடாது. ஒருவருக்கொருவர் தனித்தனியாகப் போன் போட்டுப் பேசிப் பெரும்பான்மை சேர்த்துக்கொள்ளவும் கூடாது. ஆனால் விதிவிலக்குகள் உண்டு. நிலமோ கட்டடமோ வாங்க, விற்க, வாடகைக்கு விடப் பேரம் பேசும்போது விலையையும் பணம் கட்டும் நிபந்தனைகளையும் மூடிய அறையில் பேசலாம். பேரம் பேசுபவன் தன் உச்ச விலையைச் சபையில் சொல்லிவிட்டுப் பேரம் பேச முடியுமா? நியாயம்தான். ஆனால் அப்போதும் எந்தச் சொத்து, யாரோடு பேரம், கவுன்டி சார்பில் பேசுபவர் யார் என்பதை அஜெண்டாவில் போட்டே ஆக வேண்டும். அஜெண்டாவின் வால் பகுதியில், மூடிய அமர்வு என்ற தலைப்பின் கீழ் இரண்டே வரியில் இருக்கும். பெரும்பாலானோர் அந்தப் பக்கமே போவதில்லை. உங்கள் தெருமுனைக் கட்டடத்தின் முகவரி என்றாவது அந்த இரண்டு வரியில் தென்பட்டால், விற்கவோ வாடகைக்கு விடவோ யாரோடோ பேச்சு தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

இன்னொரு விதிவிலக்கு அதைவிட வழுக்கல். அரசு ஒரு சொத்தை வாங்கப்போகும்போது, அந்தச் சொத்துக்காகச் செய்த விலை மதிப்பீட்டையும் பொறியாளர் மதிப்பீடுகளையும் வாங்கி முடிக்கும்வரை வெளியே தராமல் இருக்கலாம். அதாவது 'இந்தக் கட்டடம் உறுதியா' என்று மக்கள் கேட்க வேண்டிய நேரத்தில் அந்த அறிக்கை மூடியிருக்கும். கிரயம் முடிந்த பிறகு திறக்கும். விலை மதிப்பீட்டை மறைப்பதில் எனக்குச் சண்டை இல்லை. பொறியாளர் அறிக்கையையும் அதோடு சேர்த்துக் கட்டியது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் இந்த விலக்கு வாங்கப்போகும் சொத்துக்குத்தான். கவுன்டிக்கு ஏற்கெனவே சொந்தமான, பூட்டிக் கிடக்கிற கட்டடத்துக்கு இதைக் காட்டித் தட்டிக்கழிக்க முடியாது. நீங்கள் பிடிக்க வேண்டிய நூல் இது.

ஆகவே, பொது ஆவணச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள். 1968ல் வந்த சட்டம். யார் வேண்டுமானாலும் கேட்கலாம், குடியுரிமை தேவையில்லை, ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. கேட்ட பத்து நாளுக்குள் ஆவணம் இருக்கிறதா, தருவார்களா என்று பதில் சொல்ல வேண்டும். காரணம் காட்டி இன்னும் பதினான்கு நாள் நீட்டிக்கலாம். பத்து நாளில் காகிதமே கைக்கு வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். பத்து நாளில் வருவது பதில்தான். இந்தியாவில் ஆர்டிஐ போட்டுப் பழகியவர்களுக்கு இங்கே ஒன்று விசித்திரமாக இருக்கும். அங்கே காலம் தாழ்த்தும் அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் அபராதம் விதிக்க வழி உண்டு, மேல்முறையீட்டுக்கு ஆணையம் உண்டு. இங்கே இரண்டும் இல்லை. தராவிட்டால் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். ஜெயித்தால் வக்கீல் செலவை அரசு தரும். அவ்வளவுதான்.

எதைக் கேட்பது என்பதில்தான் சூட்சுமம். 'இந்தக் கட்டடம் பற்றிய எல்லாம்' என்று கேட்டால் மாதக்கணக்கில் இழுக்கும், வருவது பெரும்பாலும் மின்னஞ்சல் குப்பை. கட்டடத்தின் முகவரியைப் போட்டு, கடைசியாகச் செய்த கட்டட நிலை மதிப்பீடு, நிலநடுக்க மதிப்பீட்டு அறிக்கை (ஏஎஸ்சிஇ 41 என்ற தரத்தின்படி செய்திருப்பார்கள், அந்தப் பெயரையே போடுங்கள்), தள்ளிப்போட்ட பராமரிப்பு வேலைகளின் பட்டியல், பூட்டச் சொல்லி வந்த உத்தரவு, இது சம்பந்தமாகச் சூப்பர்வைசர் குழுவுக்குத் துறை அனுப்பிய போர்டு லெட்டர் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். போர்டு லெட்டர் என்பது துறைத் தலைவர் குழுவுக்கு எழுதும் கடிதம். கவுன்டியில் எந்தப் பெரிய செலவும் இது இல்லாமல் நகராது. இதில் ஏன், எவ்வளவு, எந்தக் கணக்கிலிருந்து என்று மூன்றுமே இருக்கும்.

வரைபடம் வேண்டுமானால் அதற்கு ஒரு தனிச் சட்டம். கட்டடத் துறையில் உள்ள வரைபடங்களை அலுவலகத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். நகல் எடுக்க வடிவமைத்தவரும் உரிமையாளரும் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். ஆகவே நோட்டுப் புத்தகத்தோடு போங்கள். நான் முதலில் தேடுவது தூண் அட்டவணை உள்ள தாளைத்தான். ரிங் அளவும் இடைவெளியும் அதில் ஒரு வரியாக இருக்கும்.

இன்னொரு இடமும் உண்டு, யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. ஒவ்வொரு கவுன்டியிலும் ஆண்டுதோறும் சிவில் கிராண்ட் ஜூரி அமர்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் 23 சாதாரணக் குடிமக்கள். கவுன்டி நிர்வாகத்தில் எதை வேண்டுமானாலும் கிளறலாம். சிறைகளை அவர்கள் பார்வையிட்டே ஆக வேண்டும். 1963ல் கட்டிய ஆண்கள் மத்தியச் சிறையை மூட வேண்டும் என்று சூப்பர்வைசர் குழு 2021ல் முடிவெடுத்து இன்னும் மூடாத கதையெல்லாம் இந்த வழியில் படிக்கக் கிடைக்கும். அவர்கள் அறிக்கை தந்தால் சூப்பர்வைசர் குழு 90 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். புகார் மனுவை யார் வேண்டுமானாலும் அனுப்பலாம்.

இனி எதிர் மனை. போர்டு நட்டிருக்கிறார்கள் என்பதே உங்களுக்கு ஒரு பெரிய செய்தி. கலிபோர்னியாவில் பர்மிட் இரண்டு வகை. விதியில் சொன்ன அளவுக்குள் இருந்தால் கொடுத்தே ஆக வேண்டியது ஒன்று. அதற்கு விசாரணையும் கிடையாது, போர்டும் கிடையாது. கொல்லையில் சின்ன வீடு கட்டுவதெல்லாம் இப்போது இந்த வகை, அறுபது நாளில் முடிவு சொல்ல வேண்டும். ஆல்டடீனாவில் எரிந்த வீட்டை அதே அளவில் திரும்பக் கட்டுவதையும் இப்படித்தான் விசாரணை இல்லாமல் விட்டார்கள். இன்னொன்று, கொடுக்கலாமா கூடாதா என்று அதிகாரி மனத்தால் எடைபோட வேண்டிய வகை. போர்டு இருந்தால் அந்த வகை.

மாநிலச் சட்டப்படி விசாரணைக்குப் பத்து நாள் முன்னால், மனையிலிருந்து 300 அடிக்குள் உள்ள சொத்து உரிமையாளர்களுக்குக் கடிதம் போக வேண்டும். சில உள்ளாட்சிகள் இதைவிட அகலமாகவும் அனுப்பும். உரிமையாளர்களுக்கு என்பதைக் கவனியுங்கள். வாடகைக்கு இருப்பவருக்கும் அனுப்ப வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. உங்கள் தெருவில் வாடகைக்காரர் பலர் இருந்தால் அவர்களுக்குச் சொல்வது உங்கள் பொறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போர்டில் ஒரு கேஸ் எண் இருக்கும். கவுன்டியின் எபிக்-எல்ஏ என்ற பர்மிட் தளத்தில் போட்டால் விண்ணப்பம் வெளிவரும். நேரில் போவதானால் திட்டமிடல் துறை ஹால் ஆஃப் ரெகார்ட்ஸில் இருக்கிறது, ரிச்சர்ட் நூட்ரா வடிவமைத்து 1962ல் முடிந்த கட்டடம். புதிய வீடுகளுக்கு விதி சொல்லும் அலுவலகமே ஒரு பழைய கட்டடத்தில் இருப்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். அங்கே உங்கள் கேஸுக்கு ஒரு பிளானர் இருப்பார். பெயரும் எண்ணும் நோட்டீஸிலேயே போட்டிருக்கும். விசாரணை நாளுக்கு முன் அவர் ஒரு ஸ்டாஃப் ரிப்போர்ட் எழுதுவார். அனுமதிக்கலாமா என்ற பரிந்துரை, அதற்கான காரணங்களின் வரைவு, நிபந்தனைகள் எல்லாம் அதில் இருக்கும். விசாரணையில் பெரும்பாலும் அந்த வரைவே முடிவாகிறது. ஆகவே உங்கள் கடிதம் போய்ச் சேர வேண்டியது பிளானர் அதை எழுதி முடிப்பதற்கு முன்னால். போர்டைப் பார்த்த வாரமே போன் போடுங்கள். அவர்கள் மரியாதையாகத்தான் பேசுவார்கள். எந்தத் தேதிக்குள் கடிதம் வந்தால் ரிப்போர்ட்டில் சேரும் என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

கடிதத்தில் என்ன எழுதுவது? இதற்கு ஒரு பழைய வழக்கு கைகொடுக்கும். லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியின் டோபாங்கா பள்ளத்தாக்கில் 28 ஏக்கரில் 93 மொபைல் வீடுகள் நிறுத்த கவுன்டி சிறப்பு விலக்கு கொடுத்தது. ஊர்ச் சங்கம் வழக்குப் போட்டது. 1974ல் மாநில உச்ச நீதிமன்றம், கவுன்டி வெறுமனே 'அனுமதித்தோம்' என்று சொன்னால் போதாது, சான்றிலிருந்து முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்பதைக் காரண அறிக்கையாக எழுதிக் காட்ட வேண்டும் என்றது. அந்த இடம் சுற்றுப்புற நிலங்களிலிருந்து எந்த விதத்தில் வேறுபட்டது என்பதற்குச் சான்றே இல்லை என்று விலக்கும் அடிபட்டது. கலிபோர்னியாவில் இப்படிப்பட்ட நில அனுமதி வழக்குகளில் இன்றும் இதைக் காட்டுகிறார்கள்.

இதிலிருந்து உங்களுக்கு என்ன? 'எங்களுக்குப் பிடிக்கவில்லை', 'ஊர் கெட்டுவிடும்' என்று எழுதுவது வீண். நிபந்தனை அனுமதிக்கு கவுன்டி விதி சில கேள்விகளை வைக்கிறது: அக்கம்பக்கத்தாரின் உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் கெடுதல் உண்டா, மனை அந்தப் பயன்பாட்டுக்குப் போதுமா, சாலை தாங்குமா. நிரூபிக்கும் சுமை விண்ணப்பித்தவர் மேல். இதில் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, சான்றோடு அடியுங்கள். லாரி திரும்பும் இடத்தின் அகலம் இவ்வளவு, தீயணைப்பு வண்டிக்கு இவ்வளவு வேண்டும், புகைப்படம் இதோ. இப்படி வந்த கடிதத்தைப் பிளானரால் ஒதுக்க முடியாது. ஒதுக்கினால் காரணம் எழுத வேண்டும்.

போக்குவரத்து நெரிசல் என்ற வாதம் முன்போல் எடுபடாது. 2020 ஜூலையிலிருந்து மாநிலச் சுற்றுச்சூழல் சட்டத்தில் சிக்னலில் எத்தனை நிமிடம் நிற்கிறோம் என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை; வண்டிகள் மொத்தம் எத்தனை மைல் ஓடும் என்றுதான் பார்க்கிறார்கள். வரப்போவது குடியிருப்பு என்றால் உங்கள் இடம் இன்னும் சுருங்கும். எழுதிவைத்த அளவுகோல்களுக்கு உட்பட்ட வீட்டுத் திட்டத்தை, உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ குறிப்பான ஆபத்து என்று காட்டாமல் மறுக்க முடியாது. 2019ல் வந்த சட்டப்படி ஐந்து விசாரணைக்கு மேல் நடத்தவும் முடியாது. 2025ல் நகர்ப்புறக் காலி மனைகளில் வரும் வீட்டுத் திட்டங்கள் பலவற்றுக்குச் சுற்றுச்சூழல் ஆய்விலிருந்தே விலக்கு தந்துவிட்டார்கள். என் கருத்து வேண்டுமென்றால், இந்த ஊரில் வீடு கிடைக்காமல் ஜனங்கள் படும் பாட்டைப் பார்த்தால் அது சரிதான். வீடு என்றால் நிறுத்தப் பார்க்காமல் நிபந்தனைகளில் கவனம் வையுங்கள்: வேலை நேரம், புழுதி, வடிகால், நடைபாதை.

விசாரணையில் சொல்லாததைப் பிறகு கோர்ட்டில் சொல்ல முடியாமல் போகலாம். ஆகவே எல்லா ஆட்சேபமும் விசாரணை முடிவதற்குள் எழுத்தில் பதிவாகிவிட வேண்டும். விசாரணை அதிகாரியோ திட்டக் குழுவோ கொடுக்கும் முடிவை மேல்முறையீடு செய்யப் பதினான்கு நாள்தான். சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ் வழக்கு என்றால், அறிவிப்பு பதிவான நாளிலிருந்து 30 அல்லது 35 நாள். இந்தத் தேதிகளை ஒரு நாள் தவறவிட்டாலும் கதவு மூடிவிடும்.

கூட்டத்துக்குப் போய்ப் பேசினால் பலன் உண்டா என்றால், செவ்வாய்க்கிழமை காலை சூப்பர்வைசர்கள் கூடும் 381பி அறையில் கிடைக்கும் ஒன்றிரண்டு நிமிடத்தில் யார் மனமும் மாறி நான் பார்த்ததில்லை. பதிவுக்காகப் போகலாம். மனம் மாறுவது அதற்கு முன்னால், யாராவது பழைய காகிதத்தைப் பொறுமையாகப் படித்திருந்தால். மெஷர் ஜி சங்கதியே அதற்குச் சாட்சி. 2020ல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய மெஷர் ஜே, கவுன்டியின் சொந்த வருமானத்தில் பத்து சதவீதத்தைச் சிறைக்கு மாற்றான சேவைகளுக்கு ஒதுக்கியது. 2024ன் மெஷர் ஜி வாசகம் அதைத் தவறுதலாக அழித்துவிட்டது. கவுன்டி வக்கீல்கள், சூப்பர்வைசர்கள் யார் கண்ணிலும் படவில்லை. 2025ல் அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் மெஷர் ஜியைச் செயல்படுத்த அமைத்த சீர்திருத்தக் குழுவில் உறுப்பினராக இருந்த, டுவார்டே நகரசபையின் முன்னாள் உறுப்பினர் ஜான் ஃபசானா.

பூட்டிய கட்டடத்துக்கு அப்படிப் படிக்க வேண்டியது பட்ஜெட். ஏப்ரலில் பரிந்துரை பட்ஜெட் வரும், மே மாதம் பொது விசாரணை, ஜூனில் முடிவு, இலையுதிர் காலத் தொடக்கத்தில் ஒரு துணை பட்ஜெட். கட்டட வேலைகளுக்கான பகுதியில் உங்கள் கட்டடத்தின் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் என்றாவது திறக்கும். இரண்டு பட்ஜெட்டிலும் பெயர் இல்லை என்றால் அதை உபரி நிலமாக அறிவிக்கும் தீர்மானம் வருகிறதா என்று அஜெண்டாவைப் பார்த்துக்கொண்டிருங்கள். விற்பதற்கு முன் மலிவு வீடு கட்டுபவர்களுக்கு எழுதிக் கேட்டு, அவர்கள் விருப்பம் சொல்ல அறுபது நாள் தர வேண்டும் என்று சட்டம். அங்கே நூலகம் வேண்டும், மருத்துவமனைக் கிளை வேண்டும் என்று உங்கள் தெரு கேட்பதானால், சூப்பர்வைசரின் பகுதி அலுவலகத்தில் உள்ள ஃபீல்ட் டெபுட்டியை (உங்கள் பகுதி விஷயங்களைக் கவனிக்கும் அவருடைய உதவியாளர்) பார்த்து அந்தத் தீர்மானம் வருவதற்கு முன்பே கேளுங்கள். அறுபது நாள் ஓடத் தொடங்கிய பிறகு உங்கள் பேச்சுக்கு அங்கே இடம் மிகக் குறைவு.